கை கொடுத்தால் உதவியா, துரோகமா? ஆங்கில மரபுத்தொடர்களும் நம் மாணவர்களும்

தமிழில் ஒருவர் கை கொடுத்தார் என்றால் இக்கட்டான நேரத்தில் உதவினார் என்று பொருள். மைசூரில் கன்னடம் பேசுகிறவரிடம் அதே இரண்டு சொற்களைச் சொன்னால் பொருள் தலைகீழாகிவிடும். கன்னடத்தில் ‘கை கொடு’ என்பது நம்பவைத்துக் கழுத்தறுப்பது. கூட்டாளி பணத்தோடு மறைந்துவிட்டாலும் அந்தத் தொடர்தான், நஞ்சன்கூடு சாலையில் வண்டி பாதி வழியில் நின்றுபோனாலும் அந்தத் தொடர்தான். இரண்டும் உடன்பிறந்த மொழிகள். கை என்ற சொல் ஒன்று, கொடுத்தல் என்ற வினையும் ஒன்று. ஆனால் தேவராஜா மார்க்கெட்டில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் இந்தத் தொடரை எதிரெதிர்ப் பொருளில் ஆளலாம். இருவருக்கும் தத்தம் பொருளே இயல்பானது, வேறு எப்படியும் இருக்க முடியாதது என்று தோன்றும்.

அந்த ‘இயல்பு’ எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று 1995இல் போவாஸ் கெய்சர், பிரிஜிட் பிளை என்ற இரு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கொழிந்துபோன பழைய ஆங்கிலத் தொடர்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டார்கள். ‘த கூஸ் ஹேங்ஸ் ஹை’ அவற்றுள் ஒன்று. சொல்லுக்குச் சொல் பார்த்தால் வாத்து உயரத்தில் தொங்குகிறது என்று வரும். நிலைமை நன்றாக இருக்கிறது என்பது அதன் பழைய பொருள். ஒரு சாராருக்கு உண்மைப் பொருளையும் இன்னொரு சாராருக்கு நேர் எதிர்ப் பொருளையும் கற்பித்தார்கள். இரு சாராருமே தாங்கள் கற்ற பொருள்தான் அந்தச் சொற்களோடு பொருந்துகிறது என்றார்கள். அந்தத் தொடரை முதன்முறை கேட்பவருக்கும் அந்தப் பொருளே எளிதில் பிடிபடும் என்றும் நம்பினார்கள்.

ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்பிப்பது பற்றிய விவாதத்துக்கு இந்தச் சோதனையைவிட முக்கியமான ஒன்றை நான் கண்டதில்லை. பொருள் தெரிந்த பிறகுதான் தொடர் தெளிவாகிறது. இருபது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியருக்கு ஒரு தொடர் வெட்டவெளிச்சமாகத் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது இருட்டு. அந்த இருட்டு ஆசிரியரின் கண்ணுக்குப் படுவதே இல்லை. ‘இதுகூடப் புரியவில்லையா’ என்ற கேள்வி பிறப்பது அங்கிருந்துதான்.

இந்தக் கேள்வியை மைசூரில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இந்திய மொழிகளை ஆராயவும் கற்பிக்கவும் நடுவணரசு 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இங்கே மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தை ஒட்டி இருக்கிறது. பிற மாநில ஆசிரியர்கள் வந்து தங்கித் தமிழும் கன்னடமும் மலையாளமும் தெலுங்கும் கற்றுப்போகும் தென்மண்டல மொழி மையமும் இங்கேதான். செம்மொழித் தமிழாய்வு நிறுவனம்கூடச் சென்னைக்குப் போகும் முன் இந்த நடுவண் நிறுவனத்தில்தான் கருக்கொண்டது. நகரின் இன்னொரு மூலையில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பெரும் பயிற்சி வளாகம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வேலைக்குத் தேர்வாகும் பிள்ளைகள் பலர் முதல் சில மாதங்களை அங்கே கழிக்கிறார்கள். பாடப்புத்தக ஆங்கிலத்தோடு வரும் அவர்கள் இத்தகைய இடங்களில்தான் முதன்முதலாக அலுவலக ஆங்கிலத்தைக் காதால் கேட்கிறார்கள்.

மரபுத்தொடர் என்றால் என்ன என்பதிலேயே அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உறுப்புச் சொற்களின் பொருளைக் கூட்டினால் முழுப்பொருள் கிடைக்காது என்பது பழைய இலக்கணம். ‘கிக் த பக்கெட்’ என்பதில் உதைப்பதும் இல்லை, வாளியும் இல்லை. இறந்துபோவது என்று பொருள். 1994இல் ஜெஃப்ரி நன்பெர்க், ஐவன் சாக், தாமஸ் வாசோ மூவரும் எழுதிய கட்டுரை இதைத் திருத்தியது. எல்லாத் தொடர்களும் இப்படி இறுகிப்போனவை அல்ல என்றார்கள். ‘ஸ்பில் த பீன்ஸ்’ (மறைத்ததை உளறிவிடுதல்) என்பதில் சிந்துவது வெளிப்படுத்துவதைக் குறிக்கிறது, அவரைக்கொட்டைகள் ரகசியத்தைக் குறிக்கின்றன. அதனால் அதைச் செயப்பாட்டு வினையாக்கலாம், நடுவில் அடைமொழி சேர்க்கலாம். வாளியை உதைப்பதில் அதெல்லாம் நடக்காது.

தமிழில் இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ‘குட்டு வெளிப்பட்டது’ என்கிறோம், ‘குட்டை உடைத்தார்’ என்கிறோம், ‘அமைச்சரின் குட்டு’ என்று உடையவரையும் சேர்க்கிறோம். குட்டு என்பது ரகசியத்துக்கு நிகராக நிற்பதால் அந்தச் சுதந்திரம். ‘மண்டையைப் போட்டான்’ என்பதை ‘அவனால் மண்டை போடப்பட்டது’ என்று யாராவது மாற்றிப் பார்க்கட்டும். தொடர் செத்துப்போகும். இந்தப் பரிசோதனையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தமிழில் செய்துகாட்டிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் இலக்கண விளக்கமே தேவைப்படாது.

மூளை இவற்றை எப்படிக் கையாள்கிறது என்பது அடுத்த கேள்வி. முதலில் நேர்ப்பொருளைப் பார்த்து, அது பொருந்தாதபோதுதான் மரபுப்பொருளுக்குத் தாவுகிறோம் என்று ஒருகாலத்தில் நினைத்தார்கள். 1979இல் டேவிட் ஸ்வின்னியும் ஆன் கட்லரும் செய்த ஆய்வு இதற்கு மாறாக இருந்தது. தாய்மொழியாளர்கள் பழகிய மரபுத்தொடர்களைச் சாதாரணச் சொற்சேர்க்கைகளைவிட வேகமாக அடையாளம் கண்டார்கள். ஒரே நீண்ட சொல்லைப்போல அவை மனதில் கிடக்கின்றன என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து இத்தாலியைச் சேர்ந்த கிறிஸ்டினா கச்சாரியும் பத்ரிட்சியா தபோஸ்ஸியும் வேறொன்றைக் கண்டார்கள். தொடரின் நடுவே ஒரு திறவுச்சொல் வரும்வரை நேர்ப்பொருளே ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தச் சொல் வந்ததும் கதவு திறக்கிறது. ‘அவன் தலையில்...’ என்று கேட்கும்வரை தலை தலைதான்; ‘மிளகாய்’ என்று வந்ததும் ‘அரைத்துவிட்டான்’ தானாக வந்துவிடுகிறதல்லவா, அதுதான். இரண்டாம் மொழியாகக் கற்கிறவருக்கு அந்தத் திறவுச்சொல்லின்போது கதவு திறப்பதில்லை. அவர் கடைசிவரை சொல் சொல்லாகப் போய், முட்டி, திரும்பி வருகிறார். அதற்குள் பேசியவர் அடுத்த வாக்கியத்தில் இருப்பார்.

தாய்மொழி இங்கே உதவுமா, கெடுக்குமா? 1986இல் சூசன் இருஹோ ஸ்பானிய மொழி பேசும் வெனிசுவேலா மாணவர்களிடம் 45 ஆங்கிலத் தொடர்களைக் கொடுத்துப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு ஸ்பானியத்தில் அப்படியே இருப்பவை, ஒரு பங்கு ஏறத்தாழ ஒத்தவை, மீதி முற்றிலும் வேறானவை. அப்படியே இருப்பவை எளிதாக இருந்தன. ஏறத்தாழ ஒத்தவையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குப் புரிந்தன. ஆனால் அவற்றைத் தாங்களே எழுதவேண்டி வந்தபோது தாய்மொழிச் சாயல் மிகுதியாக ஏறியது அவற்றில்தான். வேறானவை மிகக் கடினமாக இருந்தாலும் அந்த அளவுக்குக் குழப்பவில்லை.

தமிழுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் ‘புல்லிங் மை லெக்’ என்றால் என்னைக் கேலி செய்கிறாய் என்று பொருள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்வது. தமிழில் காலை வாருவது கூட இருந்தே கெடுப்பது. ஒரு மேலாளர் சிரித்தபடி சொன்ன அந்த வார்த்தையைத் தமிழ்ப்பிள்ளை ஒருவர் ‘நான் துரோகம் செய்தேன் என்கிறாரே’ என்று எடுத்துக்கொண்டால் அன்றிரவு தூக்கம் போய்விடும். கன்னடப் பத்திரிகைகளோ இப்போது ‘காலெளெ’ (காலை இழு) என்பதை ஆங்கிலப் பொருளிலேயே, கிண்டலடிப்பதற்கு, எழுதிக்கொண்டிருக்கின்றன. ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ என்பதைத் தலைகால் புரியாமல் என்று மொழிபெயர்த்தால் பாதி சரி: ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் காதலில் விழுந்தவரைக் குறிக்கும், தமிழில் எந்த மகிழ்ச்சிக்கும், திமிருக்கும்கூடப் பொருந்தும். வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பது ஆங்கிலத்தில் மேடையேறும் முன் வரும் படபடப்பு. தமிழுக்கு வந்த பிறகு அது காதலின் அறிகுறியாகிவிட்டது. நம் படபடப்புக்கு வயிற்றில் புளியைக் கரைப்பது ஏற்கெனவே இருந்ததே.

ஆகவே நம் வகுப்பறைகளில் தாய்மொழியை வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலத் தொடர்களைக் கற்பிப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. தாய்மொழி எப்படியும் உள்ளே வந்துவிடும். வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டினால் வழிகாட்டும். மறைவில் வந்தால் தடுக்கிவிடும்.

பொருள் தெரிந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. தமிழில் ஒருவர் இறந்த செய்தியை எத்தனை விதமாகச் சொல்கிறோம் என்று பாருங்கள். சிவலோகப் பதவி அடைந்தார் என்று அச்சிட்ட சுவரொட்டி சைவக் குடும்பத்தினுடையது. ஆசார்யன் திருவடி அடைந்தார் என்றால் வைணவ வீடு. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், மௌத்தானார் என்பனவும் வீட்டு முகவரியைச் சொல்லிவிடும். இயற்கை எய்தினார் என்றால் பகுத்தறிவு இயக்கத் தோழராக இருக்க வாய்ப்பு அதிகம். காலமானார் என்பது பொதுவழக்கு. இத்தனைக்கும் அகராதிப்பொருள் ஒன்றே. சாவுவீட்டு வாசலில் நின்றுகொண்டு ‘தாத்தா மண்டையைப் போட்டுட்டாரா’ என்று கேட்பவருக்கு அகராதிப்பொருள் தெரியாமல் இல்லை. எங்கே, யாரிடம் என்பதுதான் தெரியவில்லை. நம் தேர்வு நூல்களோ ‘கிக் த பக்கெட்’டுக்கு எதிரே ‘இறத்தல்’ என்று மட்டும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. அதை நம்பி விடுப்புக் கடிதத்தில் பாட்டனாருக்கு அந்தத் தொடரைப் பயன்படுத்தும் மாணவரை யாரும் குறைசொல்ல முடியாது. குறை அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இந்தப் பட்டியல் வழக்கம் பழையது. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் முதல் இன்றைய பணியாளர் தேர்வாணையத் தேர்வுக்கான வழிகாட்டிகள் வரை அதே உருவம்: இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள், நான்கு விடைகளில் ஒன்றைக் குறி. அடிப்படையான ஒரு கேள்வியை இவை கேட்பதே இல்லை. இந்தத் தொடர்களை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் உண்மையிலேயே எவ்வளவு பயன்படுத்துகிறார்கள்? ரோசமண்ட் மூன் ஒரு கோடியே எண்பது லட்சம் சொற்கள் கொண்ட ஆங்கிலத் தரவுத்தொகுப்பை அலசி 1998இல் நூலாக வெளியிட்டார். அவர் தேடிய நிலைத்தொடர்களில் பெரும்பாலானவை பத்து லட்சம் சொற்களுக்கு ஒருமுறைகூட வரவில்லை. பாடநூல்கள் கொண்டாடும் வண்ணமயமான தொடர்கள்தான் மிக அரிதானவை. அடிக்கடி வருபவை கண்ணுக்கே தெரியாத சாதுவான கூட்டுகள்: ‘ஆஃப் கோர்ஸ்’, ‘அட் லீஸ்ட்’, ‘டேக் பிளேஸ்’ போன்றவை. மொழியின் பெரும்பகுதி இப்படி முன்பே சேர்த்துவைத்த கூட்டுகளால்தான் ஓடுகிறது என்று ஜான் சின்கிளேர் 1991இல் வாதிட்டார். மழைக்கு நாயும் பூனையும் என்று மனப்பாடம் செய்த பிள்ளை ‘இட் டிப்பெண்ட்ஸ்’ என்று இயல்பாகச் சொல்லத் தடுமாறுவது இதனால்தான்.

அரிதானவற்றையும் விட்டுவிட முடியாது. ஒருமுறை வந்தாலும் அந்த ஒருமுறை முக்கியமான கூட்டத்தில் வரலாம். அவற்றை மனதில் நிறுத்த நல்ல வழி அவை பிறந்த இடத்தைக் காட்டுவது என்று பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்க் போயர்ஸ் தம் மாணவர்களிடம் பலமுறை சோதித்துக் காட்டியிருக்கிறார். மைசூரு ஆசிரியருக்கு அதற்கு நல்ல வசதி ஒன்று இருக்கிறது. சாமுண்டி மலையடிவாரத்தில் மன்னராட்சிக் காலத்திலிருந்து குதிரைப்பந்தயத் திடல் இருக்கிறது. அதன் வேலியோரம் நின்றே பல தொடர்களை விளக்கிவிடலாம். வெகுதூரம் முந்திவிட்ட குதிரையின் மேலிருப்பவர் இனி விரட்டத் தேவையில்லை என்று கடிவாளத்தைத் தளரவிட்டுக் கைகளைத் தாழ்த்துவார்; ‘ஹேண்ட்ஸ் டவுன்’ வெற்றி என்பது அதுதான், அலட்டிக்கொள்ளாமல் வெல்வது. இரு குதிரைகளின் கழுத்தும் ஒரே கோட்டில் வந்தால் ‘நெக் அண்ட் நெக்’. ‘டார்க் ஹார்ஸ்’ என்பது திறமை என்னவென்று யாருக்கும் தெரியாத குதிரை. அங்கே ‘டார்க்’ நிறத்தைச் சொல்லவில்லை, மறைந்திருப்பதைச் சொல்கிறது. நம் விளையாட்டுப் பக்கங்களில் உலகக்கோப்பைதோறும் ‘கறுப்புக் குதிரை’ ஓடிக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்லைத் தவறாகப் படித்ததால்.

விளையாட்டிலிருந்து வந்தவற்றில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கிரிக்கெட் தொடர்கள் நம்மவர்க்குத் தண்ணீர் பட்ட பாடு. கூக்ளி போட்டார் என்றால் எதிர்பாராததைக் கேட்டார் என்று பாமரரும் புரிந்துகொள்வார். க்ளீன் போல்டு ஆவதைக் காதலுக்கே கொண்டுபோய்விட்டோம். ஆனால் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். அவர்களுடைய தொடர்கள் பேஸ்பாலிலிருந்து வருகின்றன. ‘பால்பார்க் ஃபிகர்’ (குத்துமதிப்பான தொகை), ‘டச் பேஸ்’ (சுருக்கமாகப் பேசித் தெரிந்துகொள்வது), ‘கர்வ்பால்’ (எதிர்பாராத சிக்கல்). கர்வ்பாலும் கூக்ளியும் வேலையில் ஒன்றே. அமெரிக்கருக்குக் கூக்ளி தெரியாது, நம் பிள்ளைக்குக் கர்வ்பால் தெரியாது. அந்தப் பேஸ்பால் வீச்சை இரண்டு நிமிடக் காணொளியில் காட்டி, இது அவர்களுடைய கூக்ளி என்று சொல்லிவிட்டால் பிறகு மறக்காது. கிரிக்கெட் நாட்டிலும் சில படங்கள் மங்கிவிட்டன. மழையில் நனைந்து காயும் ஆடுகளத்தில் பந்து தாறுமாறாகத் திரும்பும். ‘ஸ்டிக்கி விக்கெட்’ என்னும் இக்கட்டு அங்கே பிறந்தது. ஆடுகளத்தை மூடிவைக்கும் காலத்தில் வளர்ந்தவர்கள் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

வரவு ஒருபக்கமாக மட்டும் இல்லை. ‘ரெட் டேப்’ தமிழில் சிவப்பு நாடா ஆயிற்று, ‘ஹார்ஸ் டிரேடிங்’ குதிரை பேரம் ஆயிற்று. சட்டமன்றத்தில் பெரும்பான்மை ஆட்டங்காணும்போதெல்லாம் சென்னையிலும் பெங்களூரிலும் குதிரை பேரம் தலைப்புச் செய்தி. படிக்கும் யாரும் குதிரைத் தரகரைப் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. செய்தியைத் தொடர்ந்து படித்தே பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். மரபுத்தொடர்கள் உண்மையில் மனிதருக்குள் இறங்கும் வழி இதுதான் என்று நினைக்கிறேன். சூழல் பலமுறை திரும்பத் திரும்ப வரவேண்டும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘பரையா’ என்ற சொல் ஆங்கிலத்தில் சமூகத்தால் ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கிறது. உலக அரசியல் எழுத்தில் தனிமைப்படுத்தப்பட்ட நாட்டுக்கு இந்தச் சொல்லை அடைமொழியாக்குகிறார்கள். நம் வழிகாட்டி நூல்களும் பொருளை மட்டும் எழுதி அப்படியே அச்சிடுகின்றன. அது பறையர் என்ற மக்களின் பெயர். 1893இல் ஒடுக்கப்பட்டோர் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று பெயர் வைத்தே பத்திரிகை தொடங்கினார். இழிவாக்கப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து சுமந்த செயல் அது. ஆங்கிலத்தில் படிக்கும்போது அந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு மாணவர் அதைத் தன் வாயால், தன் பேனாவால் வசைப்பொருளில் ஆளவே கூடாது. ஆசிரியர் அதை வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும்.

புரிந்துகொள்வது வேறு, பயன்படுத்துவது வேறு என்பதற்கு மைசூரே சாட்சி. யாதவகிரியில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண் வீட்டில் தமிழ் பேசியவர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில் தோற்றவர். 1935இல் அவருடைய ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ நாவல் வெளிவந்தது. அவருடைய ஆங்கிலத்தில் இங்கிலாந்தின் அலங்காரத் தொடர்கள் மிகக் குறைவு. சின்னச் சின்ன வாக்கியங்கள், எளிய வினைச்சொற்கள். இங்கிலாந்து வாசகர் அதை அந்நியமாக நினைக்கவில்லை, அவருடைய கற்பனை ஊரான மால்குடியும் தன் மண்ணை இழக்கவில்லை. ஆங்கில இலக்கியத்தை அவர் கரைத்துக் குடித்திருந்தார். ஆனால் படித்ததையெல்லாம் எழுத்தில் காட்டவேண்டும் என்று நினைக்கவில்லை. 1929இல் இங்கே பிறந்த ஏ.கே. ராமானுஜன் வீட்டில் மாடியில் கணிதப் பேராசிரியரான தந்தையோடு ஆங்கிலம், கீழே அடுக்களையில் தாயோடு தமிழ், தெருவில் கன்னடம். மூன்று மொழிகளுக்கும் இடையே மாடிப்படி ஏறி இறங்கிய அந்தச் சிறுவன் பின்னாளில் சங்கப் பாடல்களையும் கன்னட வசனங்களையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். எந்தத் தொடர் எந்த அறைக்குரியது என்ற உணர்வு அவருக்கு மனப்பாடத்தால் வந்திருக்க முடியாது.

எல்லாருக்கும் அப்படி ஒரு வீடு வாய்க்காது. பள்ளி அதைச் செயற்கையாகவேனும் உண்டாக்க முடியுமா என்பதற்கு 1979 முதல் 1984 வரை பெங்களூரில் என்.எஸ். பிரபு நடத்திய கற்பித்தல் திட்டம் ஒரு பதில். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அது நடந்தது. இலக்கண விதிகளையும் சொற்பட்டியல்களையும் ஒதுக்கிவிட்டு, ரயில் நேர அட்டவணையைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுவது போன்ற பணிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். கவனம் காரியத்தில் இருந்தால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. மரபுத்தொடர்களுக்கு இது அப்படியே பொருந்துமா என்றால், முழுவதும் பொருந்தாது என்பேன். அரிதான தொடர் ஒரு பணிக்குள் தற்செயலாக வருவதற்குக் காத்திருக்க முடியாது. ஆனால் தொடரைத் தனியே நிறுத்தாமல் ஒரு சூழலுக்குள் வைப்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தேர்வுக் கேள்வியை மாற்றுவதுதான் முதல் வேலை. பொருள் என்ன என்று கேட்பதற்குப் பதிலாக நான்கு வரி உரையாடலைக் கொடுத்து, பேசியவர் கோபத்தில் இருக்கிறாரா, கேலி செய்கிறாரா, இதை மேலதிகாரியிடம் சொல்லலாமா என்று கேட்கட்டும். கேள்வி மாறினால் வழிகாட்டி நூல் மாறும், நூல் மாறினால் பயிற்சி வகுப்பு மாறும். நம் நாட்டில் பாடம் அந்தத் திசையில்தான் நகர்கிறது.

அடுத்தது அகராதி. பீட்டர் பெர்சிவல் 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். மொழி அறக்கட்டளை 1997இல் தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதியைக் கொண்டுவந்தது. தமிழ்த் தொடருக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் தரும் அருமையான உழைப்பு. இவை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பாதைகள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் பாதையில் அதே தரத்தில் ஒன்று மாணவர் கையில் இருக்கவேண்டும். ஒவ்வொரு தொடருக்கும் பொருளோடு, யார் யாரிடம் சொல்வது, இன்றும் வழக்கில் உண்டா, அமெரிக்காவிலா இங்கிலாந்திலா, தமிழில் இதைப்போலவே ஒலித்து வேறு பொருள் தரும் தொடர் எது என்ற எச்சரிக்கை ஆகிய நான்கும் வேண்டும். கன்னட நிகரையும் ஒரு பத்தியில் சேர்த்தால் ஓசூரிலும் தாளவாடியிலும் மைசூரிலும் இரு மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கும் பயன்படும். அதற்கான ஆட்களும் தரவுகளும் மைசூரில் ஒரே வளாகத்தில் கிடைக்கும்.